சொன்னவர்: தமயந்தி

தமயந்தி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். இதை நல்ல குணம் என்று சொல்பவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றதில்லை. சமையல் எரிவாயு இணைப்பை ஜோகுபாளையத்து முகவரிக்கு மாற்றப் போனபோது, படிவத்தின் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்த பதினேழு நிபந்தனைகளையும் கவுன்டரில் நின்றபடியே படித்தார். ஒன்பதாவதும் பதினான்காவதும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்று உள்ளே இருந்தவரிடம் காட்டினார். அந்த மனிதர் இருபத்திரண்டு வருடமாக அந்தப் படிவத்தைக் கொடுத்து வாங்கியவர். அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அவருடைய பதிவுத் திருமணத்தன்றும் இதே கதை. எல்லோரும் மாலையும் கையுமாக நிற்க, தமயந்தி பதிவேட்டை முதல் வரியிலிருந்து படித்து, அதில் உள்ள பிறந்த தேதியின்படி மாப்பிள்ளைக்குப் பதினொரு வயதுதான் ஆகிறது என்று கண்டுபிடித்தார். கல்யாணம் நாற்பது நிமிடம் தள்ளிப் போனது. மாப்பிள்ளை அந்த நாற்பது நிமிடத்தில் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இன்றுவரை கூடவே இருக்கிறார். அவர் போடும் காப்பியைத் தமயந்தி ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்து குடிப்பார்.

இப்படிப்பட்டவர் வக்கீலாகப் போயிருக்க வேண்டும். போகாததால் மென்பொருள் சோதனையாளர் ஆனார். பொம்மனஹள்ளியில், ஓசூர் சாலையிலிருந்து உள்ளே இரண்டு திருப்பம் தள்ளி, மேரு கன்ட்ரோல்ஸ் என்று ஒரு நிறுவனம். லிஃப்டுகளுக்கு மூளை செய்வது அதன் தொழில். எந்த மாடியில் யார் கூப்பிட்டார்கள், கதவு மூடியதா, பாரம் அதிகமா என்று பார்த்துப் பெட்டியை ஏற்றி இறக்கும் மென்பொருள். அந்த நிறுவனத்தின் சொந்த மூன்று மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தமயந்தி சொல்வது இது: "நம்ம சாஃப்ட்வேர் எப்டி இருக்கும்னு நமக்குத் தெரியாதா?"

பத்தொன்பது வருடமாக அந்தப் படிகளில் ஏறி, மற்றவர்கள் எழுதிய நிரல்களில் குறை கண்டுபிடித்தார். அவரை அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது என்பதால் யாருக்கும் வருத்தமில்லை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் தானே யோசித்து எழுதிய சோதனைகள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊரும் ஒரு சண்டையும் உண்டு. கதவு மூடும் நேரத்தில் குடையை நீட்டுவது அதில் ஒன்று. கல்யாண மண்டபத்தில் பதினாறு பேர் ஏறிக்கொண்டு, பாரம் அதிகம் என்று மணி அடித்தால் "யாரு இறங்குறது" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பது இன்னொன்று.

ரகுராம் வந்தது இதற்கெல்லாம் முடிவு கட்ட. திருநெல்வேலிக்காரர், முப்பத்திரண்டு வயது, ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்து முனைவர் பட்டம் வாங்கியவர். அவருடைய வித்தையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை, இரண்டு அர்த்தத்துக்கு இடமில்லாமல், கணிதக் குறிகளில் எழுதிவிடுவது. 'கதவு திறந்திருக்கும்போது பெட்டி நகரக் கூடாது' என்பதை அந்தக் குறிகளில் எழுதினால் எறும்பும் வெட்டுக்கிளியும் வரிசையாகப் போவதுபோல் இருக்கும். 'ஸ்பெக்' எனப்படும் இந்த வரையறையை ஒரு கருவிக்குள் போட்டால், அந்த விதி எங்கெல்லாம் உடையக்கூடும் என்று அதுவே பார்த்து, சோதனைகளை அதுவே எழுதித் தள்ளும். ரகுராம் மதியம் ஒன்றரை மணிக்கு வரையறையைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். தயிர்சாதம் முடித்துத் திரும்பியபோது ஏழாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் தயாராக இருந்தன.

மேலாளர் சஹானாவுக்கு வீட்டில் கன்னடம், மீட்டிங்கில் ஆங்கிலம். கோபம் வந்தால் மட்டும் தமிழ். தாய்மொழியில் திட்டினால் கோபம் நிஜமாகிவிடும் என்று பயம் போலும். அன்று தமிழில்தான் பேசினார்.

"ரெண்டு பேரு ஒரே வேலை பண்றதுக்கு இது என்ன சத்திரமா? ஆறு வாரம் தர்றேன். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். டூல் விட்டதுல ஒரே ஒரு தப்பு, ஒண்ணே ஒண்ணு, நீங்க புடிச்சுக் காட்டினா உங்க சீட்டு உங்களுக்கு. இல்லன்னா, பேஜார் பண்ணிக்காதீங்க தமயந்தி, அப்புறம் என்னால ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணு போதுமா மேடம்? டஜனா குடுக்கட்டுமா?"

"ஜீரோதான் வரும் மேடம்," என்றார் ரகுராம் சஹானாவைப் பார்த்து. எதிரில் இருப்பவரைப் பற்றி எதிரில் இருப்பவரிடம் பேசாமல் இருப்பது அவர் படித்து வந்த நாகரிகம்.

"ஜீரோ வாங்குறதுக்கா தம்பி, ஆறு வருஷம் ஃபாரின்ல படிச்சீங்க?"

மேசையின் மூலையில் ஷெர்வின் கோடுபளே முறுக்கு தின்றுகொண்டிருந்தார். சோதிக்கப்படும் நிரலை எழுதியவர் அவர்தான். குறையைக் கண்டுபிடிக்கும் இருவர் இப்படி மோதிக்கொள்ளும்போது, குறையைச் செய்தவரை யாரும் பார்ப்பதில்லை. இந்த உண்மையை ஷெர்வின் தொழிலின் முதல் வருடத்திலேயே கண்டுகொண்டு, அன்றிலிருந்து மேசையில் ஒரு டப்பா வைத்திருந்தார்.

நாற்பத்தாறு வயதில், கையால் சோதிக்கும் ஒருவருக்கு இந்த ஊரில் வேறு நாற்காலி கிடைப்பது எளிதல்ல. தமயந்திக்கு அது தெரியும். ஆகவே முதல் வாரமே தாக்குதலைத் தொடங்கினார். கருவி எழுதிய ஏழாயிரத்துச் சொச்சம் சோதனைகளையும் அச்செடுத்தார். அச்சு இயந்திரம் இரண்டு முறை மயங்கி விழுந்தது. அந்தக் கட்டுகளிலிருந்து கிறுக்குத்தனமானவை என்று இருநூற்றுப் பன்னிரண்டைப் பொறுக்கி, மதிய உணவு நேரத்தில் கேன்டீனில் நின்று சிலவற்றை உரக்கப் படித்தார்.

"டெஸ்ட் நம்பர் நானூத்தி ஆறு. லிஃப்டுக்குள்ள ஒருத்தரும் இல்ல. ஆனா உள்ள இருந்து நாலாவது மாடி பட்டனை யாரோ அமுத்துறாங்க. யாரு தம்பி அது, முனீஸ்வரனா?"

கேன்டீன் சிரித்தது. தமயந்தியைப் பிடிக்காதவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். ரகுராமை அதைவிடப் பிடிக்கவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

"ஆயிரத்தி நூத்தி முப்பது. ஒரே செகண்டுல எட்டு மாடிலயும் பட்டனை அமுத்துறாங்க. இது அனுமார்."

"அதெல்லாம் நடக்கும்னு நான் சொல்லலை மேடம். நடக்காதுன்னு யாரும் டூல்கிட்ட சொல்லலை. அவ்வளவுதான்," என்றார் ரகுராம்.

"அப்ப சொல்லுங்க தம்பி. அதுக்கு வாய் இல்ல, உங்களுக்கு இருக்குதில்ல?"

அன்று மாலை அந்த இருநூற்றுப் பன்னிரண்டின் பட்டியல் அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சலில் போனது. மேலே ஒரே ஒரு வரி: 'இவை எந்த ஊரில் நடக்கும்?'

ரகுராம் பதில் எழுதவில்லை. வேறொன்று செய்தார். கருவிக்கு உலகம் தெரியாது. எதுவும் நடக்கலாம் என்றுதான் அது நினைக்கும். 'இது நடக்காது' என்று வரையறையில் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காது. அந்த வரிக்கு அனுமானம் என்று பெயர். ரகுராம் அன்றிரவும் மறுநாளும் உட்கார்ந்து, தமயந்தி கேலி செய்த ஒவ்வொன்றுக்கும் ஓர் அனுமானம் எழுதினார். சோதனைகள் ஐயாயிரத்து நாற்பதாகச் சுருங்கின. ஓட்டிப் பார்த்தார்கள். ஐயாயிரத்து நாற்பதும் பச்சை, அதாவது தேர்ச்சி. முதலில் சிவப்பாக வந்துகொண்டிருந்த சில சோதனைகள் காணாமலே போயிருந்தன. அவை எதற்குச் சிவப்பாக இருந்தன என்று பார்க்க அதுவரை யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இனி நேரம் தேவையில்லை. ஷெர்வினுக்கு மகிழ்ச்சி.

தமயந்தி தன் பங்குக்கு அந்தக் குறிகளைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். பேருந்தில் படித்தார், குக்கர் விசில்களுக்கு நடுவில் படித்தார். எதிரியின் மொழி தெரியாமல் எதிரியைத் திட்டுவதில் ருசி இல்லை என்பது அவர் கட்சி. அன்பினால் ஒரு மனிதர் மூன்று வருடத்தில் கற்காததை வெறுப்பினால் நான்கு வாரத்தில் கற்றுவிட முடியும். ஆனால் என்ன கற்றும் ஒரு குறைகூட அகப்படவில்லை. குடையை நீட்டினார், பாரத்தை ஏற்றினார், கதவை உதைத்தார். எல்லாம் ஏற்கெனவே கருவி செய்து பார்த்தவை. ஐந்தாவது வாரம் ரகுராம் அவர் மேசையைக் கடக்கும்போது, வெறும் வணக்கத்துக்குப் பதிலாக, "இன்னைக்கும் ஜீரோதானா மேடம்?" என்று கேட்கத் தொடங்கினார்.

"தம்பி, உங்க டூலுக்கு வெக்கம் கெடயாது. உங்களுக்குமா?"

ஆறாவது வாரம், செவ்வாய்க்கிழமை. வெள்ளியன்று புதிய மென்பொருள் முப்பத்தெட்டுக் கட்டடங்களுக்குப் போக வேண்டும். அவற்றில் இரண்டு மருத்துவமனைகள். தமயந்தி ஒவ்வொரு முறையும் செய்வதுபோல் சிவாஜிநகருக்குப் போனார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடைகளும் செருப்புக் கிடங்குகளும் நிறைந்த ஒரு நான்கு மாடிக் கட்டடத்தில் அந்த மென்பொருளை முன்னோட்டமாக மாட்டியிருந்தார்கள். லிஃப்டையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்வது கிருஷ்ணப்பா.

"இன்னா மேடம், இன்னிக்கும் பரீட்சையா? உங்க லிஃப்ட் பாஸே ஆகாதா?"

"வாத்தியாரு சரியில்ல கிருஷ்ணப்பா."

காலை பத்தரைக்கு மின்சாரம் போனது. அந்தத் தெருவில் அது செய்தியே அல்ல. கிருஷ்ணப்பா ஜெனரேட்டரைக் கிளப்பினார். அது ஒரு முறை இருமி விளக்கைப் போட்டது, நின்றது, மறுபடி இருமியது, நின்றது, மூன்றாவது முறை ஓடியது. எல்லாம் ஐந்தாறு நொடிக்குள். லிஃப்ட் ஊர்ந்து வந்து, தமயந்தி ஏறிப் போய்க் காத்திருந்த மாடியில் நின்று, கதவு திறந்தது. மேலே சிவப்பு எழுத்தில் 3 என்று எரிந்தது. உள்ளிருந்து ஒரு பெண் பெரிய துணி மூட்டையை இழுத்துக்கொண்டு இறங்கினார். எதிரே இருந்தது செருப்புக் கிடங்கு. அது இரண்டாவது மாடி.

"யோவ் கிருஷ்ணப்பா! மூணுன்னு போட்டுட்டு ரெண்டுல இறக்குறியே, இன்னா ஆளுய்யா நீ?" படிக்கட்டின் வழியாகக் குரல் கீழே போனது.

"நான் இறக்கலமா. லிஃப்ட் இறக்கிச்சு."

"சம்பளம் லிஃப்டுக்குக் குடுக்குறாங்களா, உனக்குக் குடுக்குறாங்களா? இருவது கிலோய்யா! உங்க ஓனரு தூக்குவானா?"

தமயந்தி ஐந்து வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தார். அந்தப் பெண் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று நினைத்து அவரையும் சேர்த்துத் திட்டினார்.

காரணம் தமயந்திக்கு அங்கேயே பாதி விளங்கியது. மின்சாரம் போய் வந்தால் தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்று லிஃப்டுக்குச் சந்தேகம் வரும். மெதுவாகக் கீழ்த்தளம்வரை இறங்கி, அங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். அப்படி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் இன்னொரு முறை போய் வந்தால், இறங்குவதைப் பாதியில் விட்டுவிட்டு, பழைய எண்ணையே உண்மை என்று நம்பிவிடுகிறது. தான் இருக்கும் இடம் தெரியாமலே தெரிந்ததாக நம்பும் லிஃப்ட் மேல்மாடிக்குப் போனால், இன்னும் மாடி இருக்கிறது என்று நினைத்து மேலே முட்டி, ஆட்களோடு நின்றுவிடும். கட்டடத்தில் இருந்தவர்கள் கிருஷ்ணப்பாவின் தாயாரைப் பற்றிப் பேசத் தொடங்கும்வரை தமயந்தி ஜெனரேட்டரை நிறுத்திக் கிளப்பச் சொல்லிப் பார்த்தார். ஆறு முறையில் நான்கு முறை மாடி தப்பியது.

ஒரே ஒரு தப்பு. நாற்காலி பிழைத்தது.

பொம்மனஹள்ளிக்குத் திரும்பும் வழியெல்லாம் மின்னஞ்சலை மனதுக்குள் எழுதினார். 'ஐயாயிரத்து நாற்பது சோதனைகள். சிவாஜிநகரில் ஒரு பழைய ஜெனரேட்டர்.' அதற்கு மேல் வார்த்தை தேவையில்லை என்று பட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து, அதை அனுப்புவதற்கு முன், கருவி இதை ஏன் பார்க்கவில்லை என்பதையும் இரண்டு வரியில் சேர்த்தால் ரகுராமுக்கு இன்னும் நன்றாக வலிக்கும் என்று வரையறையைத் திறந்தார். இப்போது அவருக்கு எறும்பும் வெட்டுக்கிளியும் படிக்கத் தெரியும். மின்சாரம் பற்றிய பகுதிக்குப் போனார்.

அனுமானம் 117: மின்சாரம் திரும்பி வந்த பத்து நொடிக்குள் மறுபடி போகாது.

எந்த ஊர் முட்டாள் இதை எழுதியது என்று பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தார். ரகுராம் ஒழுங்கானவர். ஒவ்வோர் அனுமானத்துக்கும் அது யார் சொல்லி எழுதப்பட்டது என்று குறித்து வைத்திருந்தார். 'சொன்னவர்: தமயந்தி.'

அச்செடுத்த கட்டை மேசைக்கு அடியிலிருந்து எடுத்தார். இருந்தது. 5518ஆம் சோதனை: மின்சாரம் உண்டு, இல்லை, உண்டு, இல்லை, உண்டு. கருவி முதல் நாளே, தயிர்சாதம் முடிவதற்குள், இந்தக் குறையைக் கண்டுபிடித்து எழுதிவிட்டிருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. தமயந்தியின் மை.

கேலிப் பட்டியலுக்காகப் பொறுக்கியபோது முதல் அறுபதைப் படித்துத்தான் பொறுக்கினார். பிறகு அலுத்துவிட்டது. எல்லாம் ஒரே மாதிரி ஒன்றும் பூஜ்யமுமாக இருந்தன. நடுவில் ஒரு கொத்தைப் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பெருக்கல் போட்டுக்கொண்டே போனார். எரிவாயுப் படிவத்தின் பின்பக்கத்தைப் படித்தவர், கல்யாணப் பதிவேட்டைப் படித்தவர், வாழ்நாளில் ஒரே ஒரு முறை படிக்காமல் முடிவு சொல்லியிருந்தார். போன வருடம் அவர் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி உயிரை விட்டதே மின்சாரம் இப்படி வந்து வந்து போனதால்தான். 'இவை எந்த ஊரில் நடக்கும்?' என்று கேட்டவருக்குப் பதில் ஜோகுபாளையம்.

அவர் எதையும் அழிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். சிவாஜிநகரில் கண்ட குறையை மட்டும் எழுதி அனுப்பினால் சஹானாவின் நிபந்தனை நிறைவேறிவிடும். ஷெர்வின் நிரலைத் திருத்திவிடுவார். கருவி ஏன் தவறவிட்டது என்று ரகுராம் தேடக்கூடும். ஆனால் அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். மாறாக முழுவதையும் சொன்னால், கருவி ஒன்றையும் விடவில்லை, அதன் கண்ணைக் கட்டியது தமயந்தி என்றாகும். அப்புறம் நாற்காலி எதற்கு?

அதற்குப் பிறகு அவர் செய்ததை நேர்மை என்று சொன்னால் அவரே சண்டைக்கு வருவார். காரணம் எழுதாத குறை அறிக்கையைப் பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் முகத்தில் திருப்பி எறிந்தவர் அவர். அப்படி ஒன்றில் தன் பெயரைப் போட அவருக்குக் கை வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. 117க்கு முன்னும் பின்னுமாக இன்னும் இருநூற்றுப் பதினோரு வரிகளில் 'சொன்னவர்: தமயந்தி' என்று எழுதியிருந்தது. அவற்றில் நூற்றைம்பதை அவர் படித்ததே இல்லை. வெள்ளிக்கிழமை அவை மருத்துவமனைக்குப் போகும்.

புதனும் வியாழன் மதியம்வரையும் எல்லாவற்றையும் படித்தார். முனீஸ்வரனும் அனுமாரும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டார். ஆனால் இன்னும் எட்டு அனுமானங்கள் இந்த ஊரில் தினமும் பொய்யாகிக்கொண்டிருப்பவை. அந்த எட்டையும் கையால் சோதித்தார். இரண்டில் நிரல் விழுந்தது. வியாழன் மூன்று மணிக்கு அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் போனது. மூன்று குறைகள், மூன்றுக்கும் விவரம், கடைசியில் இப்படி: 'காரணம்: அனுமானங்கள் 117, 140, 203. சொன்னவர்: தமயந்தி. படிக்காமல் சொன்னது.' விவரங்களை எழுதப் பத்து நிமிடம்; அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளுக்கு அரை மணி நேரம்.

நான்கு மணிக்குச் சஹானாவின் அறை.

"பாருங்க மேடம்," என்றார் ரகுராம். ஆறு வாரத்தில் அவர் முகம் இவ்வளவு மலர்ந்து யாரும் பார்த்ததில்லை. "டூல் மிஸ் பண்ணவே இல்லை. மூணையும் முதல் நாளே கண்டுபிடிச்சிருக்கு. இவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

"கண்டுபிடிச்சதை அடைச்சது யாரு தம்பி?"

"நீங்க சொல்லித்தான அடைச்சேன்!"

"நான் கேன்டீன்ல நின்னு கிண்டல் பண்ணா அதைப் போய் ஸ்பெக்ல எழுதுவீங்களா? நான் உங்களையும்தான் கிண்டல் பண்ணேன். அதையும் எழுதிட்டீங்களா?"

"நீங்க எக்ஸ்பர்ட்னு..."

"ஆறு வாரமா என்னைக்காவது என்னை எக்ஸ்பர்ட்னு சொல்லியிருக்கீங்களா? அன்னிக்கி மட்டும் இன்னா திடீர்னு? நாளைக்கு இன்னா ஆனாலும் என் பேரு இருக்கட்டும்னுதான எழுதினீங்க?"

ரகுராமுக்குக் கோபம் வந்தால் முனைவர் பட்டம் கழன்று திருநெல்வேலி வெளியே வந்துவிடும். "என்ன மேடம் இப்பிடிப் பேசுதீங்க? படிக்காம குறி போட்டது நீங்க. நானா வந்து உங்க கையைப் பிடிச்சேன்?"

"நீங்க படிச்சீங்களா? இருநூத்திப் பன்னெண்டும் படிச்சீங்களா? எழுதுறதுக்கு முன்னாடி, நெசமாவே இது நடக்காதான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

ரகுராம் யோசிக்கவில்லை. அவர் கோபத்தில் எழுதியிருந்தார். திருநெல்வேலியிலும் மின்சாரம் அப்படித்தான் வந்து வந்து போகும். அது அவருக்கும் தெரியும். அறையில் இருந்த இருவருமே தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, மற்றவர் மேல் இருந்த ஆத்திரத்தில், நடக்காது என்று எழுதிக் கையொப்பம் இட்டிருந்தார்கள்.

சஹானா ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்த குறிப்பேட்டை மூடினார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இவரு எழுதுவாராம், அவங்க சொல்வாங்களாம், ஒருத்தரும் படிக்க மாட்டாங்களாம். நாளைக்கு ரிலீஸ் இல்ல. கஸ்டமர் கிட்ட நான் போய் அழணும். அந்த ஷீட்ல 'சொன்னவர்'னு ஒரு கட்டம் இருக்குல்ல? பக்கத்துல 'ஏற்றவர்'னு இன்னொண்ணு போடுங்க. ரகுராம் எழுதட்டும். தமயந்தி படிச்சுட்டு சைன் பண்ணட்டும். சைன் இல்லாத அசம்ப்ஷன் ஒண்ணுகூட டூலுக்குள்ள போகக் கூடாது."

"அப்ப என் சீட்டு?"

"கையால பண்ற டெஸ்டிங் இன்னையோட க்ளோஸ். நீங்க ரகுராம் டீம்ல."

"மேடம்!" என்றார்கள் இருவரும். ஆறு வாரத்தில் அவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் முறை. இருவரும் மறுநாள் தனித்தனியாக எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார்கள். இரண்டையும் சஹானா ஒரே கோப்பில் வைத்தார்.

நாற்காலி பிழைத்தது, போன இடம்தான் ரகுராமின் மேசை. ஒரே மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. வேண்டியதை அனுமானங்களின் கோப்பில் எழுதிக்கொள்கிறார்கள். தமயந்தி ஒவ்வொரு வரியையும், பின்பக்கம் இருந்தால் அதையும், படிப்பார். ஒருநாள் ரகுராம் எழுதினார்: 'அனுமானம் 231: ஒரு மாடியில் பெட்டியின் கதவு தொடர்ந்து நான்கு நிமிடத்துக்கு மேல் தடுக்கப்பட்டிருக்காது. சொன்னவர்: ரகுராம்.'

அடுத்த கட்டத்தில் பதில் வந்தது. 'ஏற்கவில்லை. த.'

'காரணம்?'

'சிவாஜிநகர். போய்ப் பார்க்கவும்.'

ரகுராம் சனிக்கிழமை போனார், தமயந்தி சொன்னதற்காக அல்ல, அது தவறு என்று எழுதுவதற்காக. கிருஷ்ணப்பா லிஃப்ட் கதவுக்கு நடுவில் ஒரு துணி மூட்டையைச் சொருகி வைத்துவிட்டுத் தேநீருக்குப் போயிருந்தார். மூன்றாவது மாடிக்காரர்கள் கீழே குனிந்து அவரைக் கூப்பிட்டார்கள். தேநீருக்குப் பிறகு ஒரு பீடியும் இருந்தது. ரகுராம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு நிமிடம். இரண்டு பேர் அவரைக் கிருஷ்ணப்பாவின் முதலாளி என்று நினைத்துத் திட்டிவிட்டுப் போனார்கள்.

திங்கள் காலை வந்ததும் 231ஐ அழித்தார். அழித்த வரி யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதென்று தமயந்தி அந்த இடத்தில் 'பார்த்தேன். த.' என்று எழுதினார். ரகுராம் கருவியை ஓட்டினார். இருவரும் ஆளுக்கொரு திரையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். இருபத்தாறு புதிய சோதனைகள் வந்தன. இருபத்தைந்து பச்சை. கடைசி ஒன்று சிவப்பு.

இருவரும் ஒரே நேரத்தில் நிரலை எழுதியவர் உட்காரும் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஷெர்வின் கோடுபளேயைக் கீழே வைத்தார்.